வீட்டுக் கணினிக்கு எந்தக் காவல்? தோட்டப்புற வீடுகளுக்கான ஓர் ஒப்பீடு

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணத்தில் வீட்டுக் கணினி ஒருவருக்கு மட்டும் சொந்தமாக இருப்பது அரிது. மகள் தமிழ்ப்பள்ளிப் பாடத்தை கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளமான டெலிமாவில் செய்கிறாள். அப்பா ஏப்ரல் மாதம் அதே கணினியில் வருமானவரிக் கணக்கை அனுப்புகிறார். படிவம் 5 படிக்கும் மகன் எங்கிருந்தோ ஒரு விளையாட்டை இறக்கி வைக்கிறான். வீட்டுக்கு வந்த சித்தப்பா வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்துவிட்டு, வெளியேறாமலே எழுந்து போகிறார். இத்தனையும் ஒரே பெட்டிக்குள் நடக்கிறது. பாதுகாப்பு மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த வீட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கணினியில் விண்டோஸ் 11 இருந்து, அது ஒழுங்காகப் புதுப்பிக்கப்பட்டு வந்தால், அதனோடு வரும் டிஃபெண்டர் என்ற வைரஸ் தடுப்பானே பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். சந்தாவுக்கு எடுத்துவைத்த பணத்தில், காப்புப் பிரதி எடுக்க வெளியே செருகும் ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்குங்கள். காசு கொடுத்து வாங்கும் தொகுப்பு சில வீடுகளுக்கு உண்மையாகவே தேவைப்படுகிறது. எந்த வீடுகளுக்கு, எதற்காக என்பதைத்தான் விரிவாகப் பார்க்க வேண்டும்.

முதலில் விண்டோஸின் வயது

எந்த வைரஸ் தடுப்பானை வாங்குவது என்று யோசிப்பதற்கு முன் 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'அபௌட்' என்று போய், எந்த விண்டோஸ் ஓடுகிறது என்று பாருங்கள். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-இலும், 8.1-க்கு 2023 ஜனவரி 10-இலும், 10-க்கு 2025 அக்டோபர் 14-இலும் மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திவிட்டது. ஆதரவு போன விண்டோஸின் ஓட்டைகளை யாரும் அடைப்பதில்லை. ஓட்டை வழியாக நுழைகிறவனை வைரஸ் தடுப்பான் பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். 2017 மே மாதம் உலகத்தையே ஆட்டிய வான்னாகிரை என்ற ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல்) நுழைந்த ஓட்டைக்கான திருத்தம் அதே ஆண்டு மார்ச் மாதமே வெளிவந்திருந்தது. புதுப்பித்த கணினிகளுக்குள் அந்த ஓட்டை வழியாக அதனால் நுழைய முடியவில்லை.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு மூன்று வழிகள் உண்டு. கணினி தாங்கினால் 11-க்கு ஏற்றுவது முதல் வழி. அதற்கு 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, கணினி தொடங்கும்போதே காக்கும் செக்யூர் பூட் வசதி வேண்டும். இன்டெல் பிராசசர் என்றால் ஏறக்குறைய 8-ஆம் தலைமுறை முதல். அடுத்த வழி, இஎஸ்யு எனப்படும் நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புப் புதுப்பிப்பில் சேர்வது. 22எச்2 பதிப்புக்கு ஏற்றியபின், விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் அதற்கான இணைப்பு தெரியும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளை ஒத்திசைத்தால் கட்டணம் இல்லை. இல்லையென்றால் 1,000 ரிவார்ட்ஸ் புள்ளிகள் அல்லது 30 அமெரிக்க டாலர். இந்தத் திட்டம் 2026 அக்டோபர் 13 வரை. டிஃபெண்டரின் வைரஸ் அடையாளங்கள் விண்டோஸ் 10-க்கு 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது. அதைக் கேட்டுவிட்டு "இன்னும் காலம் இருக்கிறது" என்று நினைக்கக் கூடாது. அடையாளங்கள் வருவது காவலாளிக்குத் திருடர்களின் புதுப் படங்கள் கிடைப்பது போல. வீட்டுச் சுவரில் விழும் விரிசலை அது அடைக்காது.

11-உம் ஏறாது, இஎஸ்யு காலமும் தீரப் போகிறது என்ற கணினிக்கு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுவது மூன்றாவது வழி. உலாவியில் வங்கி, டெலிமா, யூடியூப் மட்டும் பார்க்கும் வீட்டுக்கு அது தாராளமாகப் போதும். மின்ட் 22 வரிசைக்கு 2029 ஏப்ரல் வரை ஆதரவு உண்டு. கணக்கு மென்பொருள் அல்லது குறிப்பிட்ட பிரிண்டர் தேவைப்படும் வீடு, பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு முடிவெடுக்கட்டும்.

கையிலிருக்கும் டிஃபெண்டர்

டிஃபெண்டர் பல ஆண்டுகளுக்கு முன் பெயருக்கு இருந்த ஒன்று. அந்தக் காலத்து அபிப்பிராயத்தைத்தான் பலர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் சோதனைக் கூடம் பாதுகாப்பு, வேகம், பயன்பாடு ஆகிய ஒவ்வொன்றுக்கும் 6 புள்ளி என்று மொத்தம் 18 புள்ளிக்கு மதிப்பெண் போடுகிறது. காசு வாங்கும் பெரிய பெயர்களோடு டிஃபெண்டரும் அங்கே மேல்வரிசையில் நிற்கிறது. மேல்வரிசைக்குள் இருக்கும் அரைப் புள்ளி வித்தியாசத்தை வைத்து வீட்டுக்கு முடிவெடுக்க வேண்டாம்; அடுத்த சோதனையில் அது மாறிவிடும்.

அதன் குறைகளும் உண்மையானவை. இணையம் இல்லாதபோது அதன் கண்டுபிடிப்புத் திறன் குறைகிறது, ஏனென்றால் சந்தேகத்துக்குரிய கோப்பை மைக்ரோசாஃப்டின் சர்வரிடம் கேட்டுத்தான் அது பல முடிவுகளை எடுக்கிறது. ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் சோதனைகளில் இது தெளிவாகத் தெரிகிறது. நெட் வெட்டி வெட்டி வரும் தோட்ட லயத்து வீட்டுக்கு இது சிறிய விஷயம் இல்லை. பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள கணினியில் முழுச் சோதனை ஓடும்போது மற்ற வேலைகள் இழுக்கும். போலிப் பக்கங்களைத் தடுக்கும் ஸ்மார்ட்ஸ்கிரீன் எட்ஜ் உலாவியில் முழுமையாக வேலை செய்கிறது. குரோமில் அந்த வேலையைக் கூகளின் சேஃப் பிரௌசிங் பார்க்கிறது. குரோம் பயன்படுத்துகிற வீட்டில் அதன் பாதுகாப்பு அமைப்பில் 'என்ஹான்ஸ்டு' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

டிஃபெண்டரை அப்படியே விட்டால் பாதிக் காவல்தான். விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து நான்கு இடங்களைப் பார்த்துவிடுங்கள். 'டாம்பர் புரொடெக்‌ஷன்' திறந்திருக்க வேண்டும். உள்ளே வந்த தீநிரல் காவலாளியை அணைத்துவிடாமல் அதுதான் தடுக்கிறது. 'கிளவுட்' பாதுகாப்பு திறந்திருக்க வேண்டும். 'ஆப் அண்ட் பிரௌசர் கன்ட்ரோல்' பகுதியில், வேண்டாத செயலிகளைத் தடுக்கும் அமைப்பில் செயலி, இறக்கம் இரண்டையும் குறியிடுங்கள். இலவச பிடிஎஃப் மாற்றி, வீடியோ இறக்கி என்று சொல்லிக்கொண்டு ஒட்டிவரும் குப்பைகள் இங்கேதான் நிற்கும்.

நான்காவது, பலர் தொடாதது: 'ரான்சம்வேர் புரொடெக்‌ஷன்' பகுதியில் உள்ள 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்செஸ்'. இது மூடியே வருகிறது. திறந்துவிட்டால் டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ், வீடியோஸ் போன்ற கோப்புறைகளில் அறிமுகமில்லாத நிரல் எதுவும் எழுத முடியாது. கல்யாணப் படங்களை டெஸ்க்டாப்பில் வைத்திருக்கும் வீடு அந்த இடத்தையும் கையால் சேர்த்துக்கொள்ளட்டும். இதனால் ஒரு தொல்லை உண்டு. பழைய கணக்கு மென்பொருளும் சில விளையாட்டுகளும் "சேமிக்க முடியவில்லை" என்று அழும். அப்போது அமைப்பையே மூடிவிடாமல், 'அலௌ அன் ஆப்' வழியாக அந்த நிரலுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். இன்னொன்று: வேறு நிறுவனத்தின் தடுப்பானைப் போட்ட கணமே டிஃபெண்டரோடு இந்தப் பூட்டும் நின்றுவிடும். இலவசத் தடுப்பான் ஒன்றுக்கு மாறுகிறவர், அதில் இதற்கு ஈடான பூட்டு இருக்கிறதா என்று பார்க்காமல் மாறினால் ஏறுவதற்குப் பதில் ஒரு படி இறங்குகிறார்.

இதற்கெல்லாம் மேலாக, காசே இல்லாத ஒரு காரியம் இருக்கிறது. 'அக்கவுண்ட்ஸ்' பகுதியில் பிள்ளைகளுக்கு 'ஸ்டாண்டர்டு யூசர்' கணக்கு ஒன்று திறந்து, நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல்லைப் பெரியவர்கள் வைத்துக்கொள்வது. விளையாட்டோடு ஒட்டிவரும் நிரல் கணினி முழுவதையும் மாற்ற முயன்றால் கடவுச்சொல் கேட்டு நிற்கும். எந்தத் தடுப்பானைப் போட்டாலும் இதைச் செய்யுங்கள்.

இலவசமாகக் கிடைக்கும் மற்றவை

அவாஸ்ட், ஏவிஜி, அவீரா என்று கடைக்காரர் மூன்று பெயர் சொல்வார். மூன்றுக்கும் இன்று உரிமையாளர் ஒரே நிறுவனம், ஜென் டிஜிட்டல். நார்ட்டனும் அதனுடையதே. ஆகவே "அவாஸ்ட் நல்லதா, ஏவிஜி நல்லதா" என்ற வாதத்தில் நேரத்தைச் செலவழிக்க வேண்டியதில்லை. வைரஸைப் பிடிப்பதில் இவை குறைந்தவை அல்ல. ஆனால் அவாஸ்ட் தன் பயனாளர்கள் எந்தெந்தப் பக்கங்களுக்குப் போனார்கள் என்ற விவரத்தை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றது. 2020-இல் ஜம்ப்ஷாட் மூடப்பட்டது. 2024 பிப்ரவரியில் அமெரிக்க வர்த்தக ஆணையம் இதற்காக 165 லட்சம் டாலர் கட்டச் சொன்னது. கதவைக் காக்க வந்தவன் வீட்டுக்குள் யார் என்ன பேசினார்கள் என்று விற்றான் என்றால், பிறகு எவ்வளவு திருந்தியிருந்தாலும் அவனைத் தேடிப்போய் அழைக்க ஒரு வலுவான காரணம் வேண்டும். டிஃபெண்டர் கையில் இருக்கும்போது அந்தக் காரணம் எங்களுக்குத் தெரியவில்லை. அதோடு, "உங்கள் கணினியில் பிரச்சினைகள் உள்ளன" என்று காசு கேட்கும் சாளரங்கள் அடிக்கடி எழும். வயதானவர்கள் பயன்படுத்தும் கணினியில் இதன் கேடு பெரிது. உண்மையான எச்சரிக்கைக்கும் விற்பனைக் கூச்சலுக்கும் வித்தியாசம் தெரியாமல், நாளடைவில் எல்லாவற்றையும் மூடிவிடப் பழகிவிடுவார்கள்.

ருமேனியாவின் பிட்டிஃபெண்டர் தரும் இலவசப் பதிப்பு இவற்றில் அடக்கமானது. கணக்கு ஒன்று திறக்கச் சொல்லும். அதன் பிறகு பெரும்பாலும் பேசாமல் வேலை பார்க்கும். நெட் அடிக்கடி துண்டிக்கப்படும் வீட்டில், டிஃபெண்டருக்குப் பதிலாக இலவசமாக ஒன்று வேண்டும் என்றால் இதைச் சொல்லலாம்.

மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பு வேறு வகை. அது காவலாளி வேலை செய்வதில்லை. கூப்பிட்டால் வந்து சோதித்துவிட்டுப் போகும். டிஃபெண்டரோடு சேர்த்து இதை வைத்திருந்து, மாதம் ஒருமுறை ஓட்டுவது நல்ல பழக்கம். நிறுவியதும் 14 நாள் முழுப் பதிப்பாக ஓடும். அந்த நாட்களில் அது தன்னை விண்டோஸிடம் முதன்மைக் காவலாகப் பதிவுசெய்து, டிஃபெண்டரை ஒதுங்கச் செய்யக்கூடும். 15-ஆம் நாள் விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, டிஃபெண்டர் திரும்ப எழுந்துவிட்டதா என்று கண்ணால் பாருங்கள்.

காசு கொடுத்து வாங்குவது யாருக்கு?

இரண்டு மூன்று கணினிகள், இரண்டு மூன்று போன்கள், வெவ்வேறு வயது ஆட்கள் என்று இருந்து, எல்லாவற்றையும் ஒருவரே பார்த்துக்கொள்ள வேண்டிய வீடு ஒன்று. வீட்டுக் கணினியிலேயே கடைக் கணக்கு, கூட்டுறவுக் கணக்கு, வாடிக்கையாளர் விவரம் வைத்திருக்கும் வீடு மற்றொன்று. தெரியாத இணைப்பைத் தட்டிவிடும் வழக்கமுள்ள பெரியவர் தனியாகக் கணினி பயன்படுத்தும் வீடு மூன்றாவது. இந்த மூன்றுக்கும் கட்டணத் தொகுப்பு பயன் தரும். காரணம் வைரஸ் பிடிக்கும் திறனைவிட, எந்த உலாவியிலும் போலிப் பக்கங்களைத் தடுப்பது, வங்கிப் பக்கத்தைத் தனிச் சாளரத்தில் திறப்பது, ஒரே கணக்கிலிருந்து எல்லாக் கருவிகளின் நிலையையும் பார்ப்பது ஆகியவைதான்.

பழைய கணினி என்றால் ஸ்லோவாக்கியாவின் ஈசெட் முதலில் நினைவுக்கு வர வேண்டும். 4 ஜிபி ரேம் உள்ள கணினியிலும் அதன் பாரம் அதிகம் தெரியாது. ஆனால் நிறைய அமைப்புகள் கொண்டது. எதையும் தொடாமல் விடத் தெரிந்தவர்களுக்கே நல்லது. பிட்டிஃபெண்டரின் கட்டணத் தொகுப்பு, ரான்சம்வேர் குலைத்த கோப்புகளை மீட்கும் ஏற்பாட்டோடு வருகிறது; 'சேஃப்பே' என்ற தனி வங்கி உலாவியும் உண்டு. அதில் சேர்த்துத் தரும் விபிஎன் (இணையத் தொடர்பை மறைத்து அனுப்பும் வசதி) நாளுக்கு 200 எம்பி அளவுதான், ஆகவே அதைக் கணக்கில் எடுத்து வாங்க வேண்டாம். நார்ட்டன் 360 இணையத்தில் காப்புப் பிரதி எடுக்க இடம் தருகிறது. ஹாட்ஸ்பாட்டில் ஓடும் வீட்டுக்கு அந்த இடம் பயன்படாது. ஃபைபர் இருந்தால் பயன்படும்.

காஸ்பர்ஸ்கியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சோதனைக் கூடங்களில் அதன் மதிப்பெண் எப்போதும் உயர்வு. மாஸ்கோவைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனம் என்பதால் 2022 மார்ச்சில் ஜெர்மனியின் தகவல் பாதுகாப்பு அலுவலகம் மாற்றிக்கொள்ளுமாறு அறிவுறுத்தியது. 2024-இல் அமெரிக்கா விற்பனையையும் புதுப்பிப்புகளையும் தடைசெய்தது. அந்தத் தடை அமெரிக்காவுக்கானது, நமக்கு அல்ல. அரசியலைத் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்தாலும் நம் வீடுகளுக்கு ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. 2024 அக்டோபரில் கூகள் பிளே கடையிலிருந்து அதன் செயலிகள் நீக்கப்பட்டன. குடும்பத் தொகுப்பு வாங்கி ஆண்ட்ராய்டு போனிலும் போட வேண்டுமானால் பிளே கடைக்கு வெளியிலிருந்து எடுக்க வேண்டும். "பிளே கடைக்கு வெளியிலிருந்து எதையும் போடாதே" என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு, காவல் மென்பொருளை மட்டும் அப்படிப் போடுவது அந்தப் பழக்கத்தையே உடைத்துவிடும். ஆகவே கணினிக்கு மட்டும் என்றால் யோசிக்கலாம், போனோடு சேர்த்து வேண்டாம்.

விலையைப் பார்க்கும்போது பெட்டியில் போட்டிருக்கும் முதல் ஆண்டு விலையை விட்டுவிட்டு, இரண்டாம் ஆண்டுப் புதுப்பிப்பு விலையைத் தேடுங்கள். முதல் ஆண்டுத் தள்ளுபடி முடிந்ததும் தொகை கணிசமாக ஏறும். வங்கி அட்டையைக் கொடுத்து வாங்கினால் தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடும் சேர்ந்தே வருகிறது. வாங்கிய அன்றே அந்த நிறுவனத்தின் கணக்குப் பக்கத்தில் நுழைந்து அதை நிறுத்திவிட்டு, முடியும் தேதியை நாள்காட்டியில் குறித்துவைப்பது நல்லது. ரொக்கத்துக்குக் கடையில் வாங்கும் அட்டையில் இந்தத் தொல்லை இல்லை.

இணையச் சந்தையில் சில வெள்ளிக்கு (ரிங்கிட்) விற்கும் "ஒரிஜினல் கீ" வாங்காதீர்கள். ஒன்று, வேறு நாட்டுக்கு என்று கட்டுப்படுத்திய குறியீடாக இருக்கும், இங்கே ஏற்காது. அல்லது அலுவலகங்களுக்கான மொத்த உரிமத்தைப் பிரித்து விற்றதாக இருக்கும். சில மாதத்தில் நிறுவனம் அதைச் செல்லாததாக்கிவிடும். அன்றைக்கு வீட்டில் யாரும் கவனிக்காவிட்டால் காவல் இல்லாமலே கணினி ஓடிக்கொண்டிருக்கும்.

ஹாட்ஸ்பாட்டில் ஓடும் வீடு

தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) ஃபைபர் இருக்கும்; செம்பனைக்கு நடுவே உள்ள லயத்து வீட்டில் போன் ஹாட்ஸ்பாட்டோ சிம் போடும் ரூட்டரோதான். டேட்டா தீர்ந்துவிடும் என்று வைஃபை அமைப்பில் 'மீட்டர்ட் கனெக்‌ஷன்' போட்டுவைப்பது வழக்கம். அது டேட்டாவைக் காக்கும். விண்டோஸ் புதுப்பிப்புகளையும் நிறுத்திவைக்கும். மாதக் கணக்கில் புதுப்பிக்காத கணினிகள் பெரும்பாலும் இப்படி உருவானவையே.

மாதப் புதுப்பிப்பு அமெரிக்க நேரப்படி இரண்டாம் செவ்வாய்க்கிழமை வெளிவருகிறது. நமக்கு அது அடுத்த நாள் புதன் விடியற்காலை. ஆகவே அந்த வார இறுதியில் மடிக்கணினியை ஃபைபர் உள்ள உறவினர் வீட்டுக்கு எடுத்துப்போய், மின்சாரத்தில் செருகி, புதுப்பிப்பு முடிந்து மறுதொடக்கம் ஆகும்வரை விட்டுவையுங்கள். கட்டணத் தொகுப்பு நிறுவுவதானாலும் அங்கேயே செய்யுங்கள். முதலில் இறங்கும் கோப்பு சிறியதாகத் தோன்றும். அது திறந்த பிறகு நூற்றுக்கணக்கான எம்பி இழுக்கும். பாதியில் டேட்டா தீர்ந்தால் பாதி நிறுவிய நிலையில் நிற்கும். அந்த நிலை எதுவுமே போடாததைவிட மோசமாகலாம், ஏனென்றால் டிஃபெண்டர் ஒதுங்கியிருக்கக்கூடும், புதியவன் இன்னும் வேலைக்கு வந்திருக்கமாட்டான்.

ஒன்றை எடுத்துவிட்டு மற்றொன்று

புது மடிக்கணினியில் மெக்காஃபி சோதனைப் பதிப்பு பல நேரம் முன்பே போடப்பட்டிருக்கும். அதைத் தொடர்ந்து வாங்கப் போவதில்லை என்றால், சோதனைக் காலம் முடியும்வரை காத்திருக்காமல் எடுத்துவிடுங்கள். 'ஆப்ஸ்' பட்டியலில் நீக்கி, மறுதொடக்கம் செய்து, மிச்சம் இருந்தால் நிறுவனத்தின் தனி நீக்கும் கருவியை ஓட்டுங்கள். மெக்காஃபி, நார்ட்டன், அவாஸ்ட், ஈசெட் எல்லோருக்கும் அப்படி ஒரு கருவி அவரவர் தளத்தில் உண்டு. இரண்டு தடுப்பான்களை ஒரே நேரத்தில் நேரடிக் காவலுக்கு வைத்தால் ஒன்று திறக்கும் கோப்பை மற்றொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். கணினி உறைந்து போகும், பாதுகாப்பு இரட்டிப்பாகாது.

புதியது வேலை செய்கிறதா என்று பார்க்க ஐகார் சோதனைக் கோப்பு இருக்கிறது. 68 எழுத்து கொண்ட, தீங்கில்லாத வரி அது. அதன் தளத்திலிருந்து இறக்கினால், காவல் விழித்திருந்தால் உடனே தடுக்கும்.

பழைய மேசைக்கணினியில் "உரிமம் செல்லாது", "சான்றிதழ் பிழை" என்று திரும்பத் திரும்ப வந்தால் மென்பொருளைத் திட்டுவதற்கு முன் கணினி காட்டும் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். உள்ளே இருக்கும் சிஆர்2032 நாணய பேட்டரி தீர்ந்துவிட்டால், ஒவ்வொரு முறை அணைத்துப் போடும்போதும் தேதி பல ஆண்டு பின்னோக்கிப் போய்விடும். வங்கிப் பக்கமும் திறக்காது, உரிமமும் ஏற்காது. பேட்டரியை மாற்றினால் சரியாகிவிடும்.

எதைப் போட்டாலும் தோற்கும் இடங்கள்

திருட்டு விண்டோஸ் முதலாவது. பழைய மடிக்கணினி விற்பவர் உரிமம் இருப்பதுபோல ஏமாற்றும் கேஎம்எஸ் வகை நிரலால் விண்டோஸைத் திறந்து கொடுத்திருந்தால், அதை ஓட்டுவதற்காக டிஃபெண்டரை அணைத்தோ அந்தக் கோப்புறைக்கு விலக்குக் கொடுத்தோ வைத்திருப்பார். வாங்கியதும் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' பட்டியலைத் திறந்து பாருங்கள். உங்களுக்குத் தெரியாமல் அங்கே எதுவும் இருக்கக் கூடாது. விளையாட்டு, ஆட்டோகேட் போன்றவற்றின் உரிமப் பூட்டை உடைக்கும் கிராக் கோப்புகளும் இதே கதைதான். "முதலில் வைரஸ் தடுப்பானை மூடு" என்று கேட்கிறவனுக்கு வேறு எந்தக் கருவியும் தேவையில்லை. வீட்டுக் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட ஸ்டாப்-டிஜேவியு ரான்சம்வேர் பரவியது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

போலிப் புதுப்பிப்புச் செய்தி இரண்டாவது. திரையின் வலது மூலையில் "உங்கள் மெக்காஃபி காலாவதியாகிவிட்டது, 5 வைரஸ் உள்ளது" என்று எழும். கணினியில் மெக்காஃபியே இருக்காது. ஏதோ ஒரு படம் பார்க்கும் தளத்தில் 'அலௌ' என்பதைத் தட்டியதால் வந்த உலாவி அறிவிப்பு அது. வைரஸ் இல்லை, ஆகவே எந்தத் தடுப்பானும் அதைப் பிடிக்காது. குரோமில் 'சைட் செட்டிங்ஸ்', 'நோட்டிஃபிகேஷன்ஸ்' போய், தெரியாத தளங்களை எல்லாம் நீக்கிவிட்டால் நின்றுவிடும். விளம்பரத் தடுப்பானையும் போடுங்கள். யூபிளாக் ஆரிஜின் ஃபயர்ஃபாக்ஸில் முழுதாக ஓடுகிறது; குரோமில் அதன் லைட் பதிப்பு கிடைக்கிறது.

நகல் எடுக்கும் கடைக்குப் போய்வந்த பென்டிரைவ் இன்னும் நம் ஊர்களில் உயிரோடு இருக்கும் வழி. கோப்புகள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருக்கும். உண்மைக் கோப்புகள் அழியவில்லை, மறைக்கப்பட்டிருக்கின்றன. ஷார்ட்கட்டைத் தட்டாமல் முதலில் தடுப்பானால் பென்டிரைவைச் சோதியுங்கள். பிறகு மறைந்த கோப்புகளையும் பாதுகாக்கப்பட்ட கணினிக் கோப்புகளையும் காட்டும்படி அமைத்து, உள்ளே இருப்பதை நகலெடுத்துக்கொண்டு, பென்டிரைவை ஃபார்மட் செய்யுங்கள். இங்கே டிஃபெண்டரும் ஈசெட்டும் பிட்டிஃபெண்டரும் ஏறக்குறைய ஒன்றுதான். கடைக்குப் பிடிஎஃப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இந்தத் தொல்லையே வராது.

கடைசியாகப் போன். உதவித்தொகை பதிவு, கல்யாண அழைப்பிதழ், வீடு சுத்தம் செய்யும் சேவை என்று சொல்லி அனுப்பும் ஏபிகே (ஆண்ட்ராய்டு செயலி) கோப்பைப் போட்டுவிட்டால், அது குறுஞ்செய்தியைப் படித்து வங்கியின் ஒருமுறைக் குறியீட்டை எடுத்துக்கொள்கிறது. கணினியில் ஆயிரம் வெள்ளிக்குக் காவல் போட்டிருந்தாலும் அங்கே அது நிற்காது. "வங்கியிலிருந்து பேசுகிறேன், எனிடெஸ்க் போடுங்கள்" என்று போனில் சொல்கிறவனையும் தடுப்பான் தடுக்காது. எனிடெஸ்க் தூரத்திலிருந்து கணினியை இயக்க உதவும் நேர்மையான மென்பொருள், போடுவது நீங்களே. பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிடமே கணினியின் வைஃபையையும் போனின் டேட்டாவையும் அணைத்துவிட்டு, வேறு போனிலிருந்து வங்கிக்கும் தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணுக்கும் அழையுங்கள். பல வங்கிச் செயலிகளில் கணக்கை உடனே முடக்கும் 'கில் சுவிட்ச்' இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே வீட்டிலுள்ள பெரியவர்களுக்குத் திறந்து காட்டிவையுங்கள். ரான்சம்வேர் என்றால் சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999-க்கு 1-300-88-2999 எண்ணில் சொல்லலாம். அதுவரை கணினியை ஃபார்மட் செய்யாமல், வெளி ஹார்ட் டிஸ்க்கை அதில் செருகாமல் வைத்திருங்கள்.